நிரல் எழுதித் தரும் ஏஐ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள், நாற்பது வயதுக்கு மேல் வேலை மாறி நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்கள், பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் என்று சிங்கப்பூரில் பலரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அதான் ஏஐயே எழுதித் தருகிறதே, அப்புறம் என்ன?"

இதில் பாதி உண்மை இருக்கிறது. சில வேலைகளில் இந்தக் கருவிகள் ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும். வேறு சிலவற்றில், பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத ஒரு தவற்றைக் கையில் கொடுத்துவிடும். எந்த வேலை எந்தப் பக்கம் விழும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். அதற்குக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். நிரல் எழுதிப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்.

உள்ளே நடப்பது என்ன

கைப்பேசியில் செய்தி தட்டும்போது அடுத்த சொல்லை அதுவே ஊகித்துக் காட்டுமே, அடிப்படை அதுதான். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று எந்தக் கணினி மொழியில் எழுதினாலும் நிரல் என்பது எழுத்துதான். கிட்ஹப் போன்ற தளங்களில் எல்லாரும் பார்க்கும்படி மனிதர்கள் போட்டுவைத்த கோடிக்கணக்கான வரிகளை ஒரு மாடலுக்கு, அதாவது கருவியின் மூளையாக இருக்கும் கணினி அமைப்புக்குக் கொடுத்து, "இதுவரை வந்ததைப் பார், அடுத்த துண்டு எது என்று சொல்" என்று திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். 2017ல் கூகல் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பு வந்த பிறகு, இந்த ஊகம் பக்கத்துச் சொல்லோடு நிற்கவில்லை. நூறு வரிக்கு முன்னால் நீங்கள் வைத்த பெயரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதும் அளவுக்கு வளர்ந்தது.

கிட்ஹப் கோபைலட் 2021 ஜூனில் முன்னோட்டமாகவும் 2022 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கும் வந்தது. அப்போது அது நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும் வரியை முடித்துத் தரும், அவ்வளவுதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும், கேள்வி கேட்டுப் பதிலாக நிரல் வாங்கும் பழக்கம் பரவியது. இப்போது கர்சர், கிளாட் கோட் போன்றவை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. "இந்தப் பிழையைச் சரிசெய்" என்றால் கோப்புகளைத் தாமே திறந்து படிக்கும், மாற்றும், நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிறு நிரல்களான சோதனைகளை ஓட்டிப் பார்க்கும், தோற்றால் மறுபடி மாற்றும். இவற்றை ஏஜென்ட் என்கிறார்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகத்தையோ உங்கள் நிறுவனத்தின் விதிகளையோ நீங்கள் எடுத்துக் கொடுக்காவிட்டால், அல்லது தேடிப் பார்க்கச் சொல்லாவிட்டால், கருவி பெரும்பாலும் அவற்றைப் பார்ப்பதில்லை. அதுவரை பார்த்தவற்றிலிருந்து, எது வர வாய்ப்பு அதிகமோ அதை எழுதுகிறது. அப்படியென்றால் உலகத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் முறை எழுதிய விஷயத்தில் அது கெட்டி. கொஞ்சம் பேர் மட்டும் எழுதியது, அண்மையில் மாறியது, உங்கள் ஊருக்கோ உங்கள் நிறுவனத்துக்கோ மட்டும் உரியது என்று வந்துவிட்டால் அது தடுமாறும். தடுமாறுவது வெளியில் தெரியாது என்பதுதான் சிக்கல். சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே தோரணையில்தான் எழுதும்.

இரண்டு ஆய்வுகள், இரண்டு முடிவுகள்

2023ல் வெளியான ஓர் ஆய்வில் 95 நிரலாளர்களுக்கு ஒரே வேலையைக் கொடுத்தார்கள்: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு ஹெச்டிடிபி சர்வர், அதாவது இணையம் வழி வரும் கோரிக்கைகளுக்குப் பதில் அனுப்பும் நிரல், எழுத வேண்டும். கோபைலட் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 55.8 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தார்கள். ஆய்வை நடத்தியவர்களில் மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் நிறுவனங்களின் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2025 ஜூலையில் எம்இடிஆர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு வேறு விதமாகச் சோதித்தது. நிரலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடும் பெரிய திறந்தநிலைத் திட்டங்களில் பல ஆண்டுகள் உழைத்த 16 நிரலாளர்கள், தங்கள் சொந்தத் திட்டத்தின் 246 உண்மையான வேலைகளைச் செய்தார்கள். பாதி வேலைக்கு ஏஐ உண்டு, பாதிக்கு இல்லை. ஏஐ இருந்தால் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். உண்மையில் 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனது. முடித்த பிறகும்கூட, 20 விழுக்காடு மிச்சமானதாகவே அவர்கள் நம்பினார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெச்டிடிபி சர்வர் என்பது உலகத்தில் எத்தனையோ பேர் எழுதிப் பழகிய வேலை. பல ஆண்டுகளாக வளர்ந்த ஒரு திட்டத்தின் உள்ளே இருக்கும் வழக்கங்கள், எழுதப்படாத விதிகள், "இந்தக் கோப்பை ஏன் தொடக்கூடாது" என்கிற காரணங்கள் அந்தப் பதினாறு பேரின் தலைக்குள் இருந்தன, பயிற்சித் தரவில் இல்லை. கருவி எழுதியதைப் படித்து, திருத்தி, சில நேரம் தூக்கிப்போட்டு மறுபடி எழுதுவதில் நேரம் போனது. அது 2025 தொடக்கத்துக் கருவிகளை வைத்து நடந்த ஆய்வு. கருவிகள் அதன் பிறகும் வளர்ந்திருக்கின்றன. ஆனால் எவ்வளவு நேரம் மிச்சமானது என்பதில் நம் மனக்கணக்கை நம்ப முடியாது என்பது கருவியின் குறை இல்லை, நம்முடையது. அது இன்னும் அப்படியேதான் இருக்கும்.

நிஜமாகவே கைகொடுக்கும் இடங்கள்

நன்மைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில், பழைய நிரலைப் படிப்பது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இருபது, முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன. எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், விளக்கக் குறிப்பு ஒரு வரிகூட இருக்காது. அப்படிப்பட்ட நானூறு வரியைக் கருவியிடம் கொடுத்து, "இது என்ன செய்கிறது, பகுதி பகுதியாகச் சொல்" என்றால் ஒரு நல்ல முதல் வரைபடம் கிடைக்கும். தவறு இருக்கலாம், ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் நேரம் போய்விடும்.

அடுத்தது, சலிப்பூட்டும் வேலைகள். ஒரு வடிவத்தில் இருக்கும் தரவை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது, ஒரே மாதிரிப் படிவங்களைப் பத்து முறை எழுதுவது, ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது. இவற்றில் பொறியாளரின் அறிவு அதிகம் செலவாவதில்லை, பொறுமைதான் செலவாகும். இதைக் கருவியிடம் விடுவதில் தப்பே இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் கேட்கலாம். "இந்தப் பிழைச் செய்தி என்ன சொல்கிறது? தமிழில் விளக்கு" என்றால் விளக்கும். சில நேரம் வாக்கியம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், கலைச்சொல் பழக்கமில்லாததாக இருக்கும், ஆனாலும் புரியும். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் அரசாங்கம் கூடுதலாக 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கொடுத்தது. அதை வைத்து நிரல் வகுப்பில் சேரும் ஒருவர், வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, இரவு பதினொரு மணிக்கு, தன் மொழியில், பத்தாவது முறையாகக் கேட்கலாம். அந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் ஊர் விஷயம் என்று வரும்போது

கருவியின் பலவீனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? சிங்கப்பூருக்கே உரிய ஒன்றை எழுதச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. கடைசி எழுத்து சும்மா வருவதில்லை. ஏழு இலக்கங்களை முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, சில முதல் எழுத்துகளுக்கு அதோடு இன்னும் ஓர் எண்ணையும் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை வைத்து அந்த எழுத்தைக் கண்டுபிடிப்பார்கள். எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் மாறிப்போனால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். நிரலாளர்களிடையே பல ஆண்டுகளாகப் புழங்கும் கணக்கு இது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 'எஸ்', 2000 முதல் பிறந்தவர்களுக்கு 'டி', வெளிநாட்டினருக்கு 'எஃப்', 'ஜி' என்று முதல் எழுத்துகள் நான்குதான் நெடுங்காலம் இருந்தன. 2022 ஜனவரி 1 முதல் வெளிநாட்டினருக்கு 'எம்' என்ற புதிய தொடர் வந்தது. அதற்குக் கூட்டும் எண்ணும் வேறு, கடைசி எழுத்துப் பட்டியலிலும் ஒரு மாற்றம் உண்டு.

இணையத்தில் கிடக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் நான்கு எழுத்துகள்தான் இருக்கும். கருவி அந்த நான்கோடு நின்றுவிட்டால் என்ன நடக்கும்? நிரல் ஓடும். உங்கள் சொந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் சரி என்று சொல்லும். "இதற்குச் சோதனைகளும் எழுது" என்று அதே கருவியிடம் கேட்டால், அதே நான்கு எழுத்துகளுக்குச் சோதனை எழுதி, எல்லாம் பச்சை விளக்கு காட்டும். 2022க்குப் பிறகு இங்கே வேலைக்கு வந்த ஓர் ஊழியர் தன் எண்ணைப் பதியப் போகும்போதுதான் "தவறான எண்" என்று திரையில் வரும். தப்பு தன் மேல்தானோ என்று நினைத்து அவர் நாலைந்து முறை தட்டிப் பார்ப்பார். நிரலை எழுதியதும் சோதனையை எழுதியதும் ஒரே கருவி என்றால் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் கண் தெரியாது. புதிதாகக் கற்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும்.

இதில் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்கவே உங்களுக்கு உரிமை உண்டா? சட்டம் வேண்டும் என்று சொல்லாத இடங்களில் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அடையாளத்தை உறுதிசெய்யும் கடவுச்சொல்லாக அந்த எண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி 2025 ஜூனிலும் அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். ஒரு குலுக்கல் போட்டிக்கான படிவத்தில் அடையாள எண் பெட்டி வேண்டும் என்று கருவியிடம் சொன்னால், அழகாகப் போட்டுக் கொடுத்துவிடும். "இதைக் கேட்கலாமா?" என்று அது திருப்பிக் கேட்கும் என எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கேள்வி பொறியாளரிடமிருந்து வர வேண்டும்.

நம் பெயர்களைப் பாருங்கள். இங்கே எத்தனையோ தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் 'எஸ்/ஓ' அல்லது 'டி/ஓ' இருக்கும். அந்தச் சாய்வுக்கோடு பெயரின் பகுதி. "பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டும் வரலாம்" என்பது உலகம் முழுக்கப் பலரும் எழுதும் விதி, அதனால் கருவிக்கும் அதுதான் இயல்பாக வரும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போட்டு இரண்டையும் கட்டாயமாக்குவதும் அப்படித்தான். குடும்பப்பெயரே இல்லாத ஒருவர் அங்கே என்ன எழுதுவார்? அட்டையில் இருக்கிறபடி பெயரைப் போட முடியாமல், எதையோ எழுதி, பிறகு முகப்பில் போய் நின்று "இது நான்தான்" என்று விளக்க வேண்டிய நிலை நம்மில் பலருக்குத் தெரியும். ஏஐ வருவதற்கு முன்பும் இந்தத் தொல்லை இருந்தது. இப்போது அதே தவறு இன்னும் வேகமாக எழுதப்படுகிறது. அதனால்தான் நிரல் எழுதும் அறையில் நம் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பொருள் சேவை வரி இன்னொரு நல்ல பாடம். 2022 வரை 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. கடைக்கு ரசீது எழுதும் நிரல் கேட்டால், பழைய விகிதம் வந்துவிட வாய்ப்பு உண்டு. "9 என்று மாற்று" என்று சொன்னால் மாற்றிவிடும். அதோடு வேலை முடிந்ததா? 2023 டிசம்பரில் வாங்கிய பொருளை வாடிக்கையாளர் 2024 ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால், அவர் கட்டிய 8 விழுக்காட்டைத்தான் திருப்பித் தர வேண்டும். ஆகவே விகிதத்தை நிரலுக்குள் ஓர் எண்ணாகப் புதைக்காமல், எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று ஒரு பட்டியலாக வைப்பதுதான் சரி. கருவிக்கு இப்படி எழுதத் தெரியும். இப்படி வேண்டும் என்று கேட்பதற்குத்தான் கடையின் வேலை தெரிந்த ஒருவர் வேண்டும். பணத்தைத் தசம எண்ணாக வைக்காமல் காசுக் கணக்கில் முழு எண்ணாக வைக்கச் சொல்வதும் அந்த வகைதான். கணினியில் வழக்கமான தசமக் கணக்கில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும்.

பாதுகாப்பு ஓட்டைகள்

2021ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட 89 சூழல்களைக் கோபைலட்டிடம் கொடுத்து 1,689 நிரல்களை எழுத வைத்தார்கள். சுமார் 40 விழுக்காட்டில் ஓட்டை இருந்தது. அப்போதையக் கருவியைவிட இப்போதையவை நன்றாகவே எழுதுகின்றன. ஆனால் ஓட்டை வருவதற்கான காரணம் மாறவில்லை: பயிற்சிக்குக் கொடுத்த மனிதர்களின் நிரலிலேயே அந்த ஓட்டைகள் இருந்தன.

ஓட்டை என்றால் என்ன என்று ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டி'குரூஸ் என்று ஒரு பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள்குறி வரும். தரவுத்தளத்தில் ஒருவரைத் தேட எஸ்கியூஎல் மொழியில் கேள்வி கேட்க வேண்டும். அதில் பெயரை ஒற்றை மேற்கோள்குறிகளுக்குள் போடுவார்கள். பயனர் தட்டிய பெயரை அப்படியே கேள்விக்குள் ஒட்டிவிட்டால், டி'குரூஸின் பெயரில் இருக்கும் குறியைக் கணினி "பெயர் இங்கே முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். மீதியைக் கட்டளை என்று நினைத்துக் குழம்பி, பிழை காட்டும். பாவம், அவர் தன் பெயரைத்தான் எழுதினார். கெட்ட எண்ணத்தோடு வருபவர் அதே இடத்தில் மேற்கோள்குறியைப் போட்டு, அதன் பின்னால் "எல்லார் விவரத்தையும் கொடு" என்ற கட்டளையை எழுதுவார். தரவுத்தளமும் கொடுத்துவிடும். கேள்வியையும் பெயரையும் தனித்தனியே அனுப்பினால் இந்தப் பிரச்சினையே கிடையாது. எல்லா மொழியிலும் அதற்கு வழி இருக்கிறது. கருவி எழுதித் தந்த நிரலில் தரவுத்தளக் கேள்வி வந்தால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

2022ல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஏஐ உதவியோடு எழுதியவர்களின் நிரல் பாதுகாப்பில் பின்தங்கியிருந்தது. அதோடு, தங்கள் நிரல் பாதுகாப்பானது என்று நம்பியவர்களும் அவர்களிடையேதான் அதிகம்.

இல்லாத பேக்கேஜ் இன்னொரு வகை ஆபத்து. பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பைப் பேக்கேஜ் என்பார்கள். ஒரு கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். கருவி சில நேரம், இருக்க வேண்டியது போலத் தோன்றும் ஒரு பெயரைச் சொல்லும். அப்படி ஒரு பேக்கேஜே இருக்காது. 16 மாடல்களை வைத்து 576,000 நிரல் துண்டுகளை எழுதவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இல்லாத பெயர். கட்டண மாடல்களில் இது வெகுவாகக் குறைவு, ஆனாலும் இருந்தது. மாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் பெயரில் யாராவது கெட்ட நிரலை ஏற்றி வைத்துவிட்டால், யோசிக்காமல் இறக்குபவர் மாட்டிக்கொள்வார். இறக்கும் முன் அந்தப் பேக்கேஜின் பக்கத்தைத் திறந்து, எவ்வளவு காலமாக இருக்கிறது, யார் பராமரிக்கிறார் என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

எதை ஒட்டுகிறீர்கள், எங்கே போகிறது

2023ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் உள்நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் நிறுவனம் அத்தகைய கருவிகளின் பயன்பாட்டைத் தடைசெய்தது. இணையம் வழி இயங்கும் இத்தகைய கருவியில் நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு வரியும் உங்கள் கணினியைவிட்டு வேறு யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது, பெரும்பாலும் வெளிநாட்டுக்கு. இலவசக் கணக்கா, நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய கணக்கா என்பதைப் பொறுத்து அங்கே அதை வைத்து என்ன செய்யலாம் என்பது மாறும்.

சொந்த நிரலை ஒட்டுவது ஒரு விஷயம். பிழை ஏன் வருகிறது என்று காட்ட, வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள நிஜத் தரவை ஒட்டுவது வேறு விஷயம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனத்துக்கு அந்த வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். மற்றவற்றுக்கு உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி. 500 பேரின் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்துவிட்டால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவுசெய்த மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். பிழையைக் காட்ட நிஜப் பெயர் எதற்கு? கற்பனைத் தரவு நான்கு வரி போதும். அதைத் தயாரித்துத் தரக் கருவியையே கேட்கலாம்.

ஏஜென்ட் வகைக் கருவிகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அவை செயலில் இறங்குகின்றன. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக்கூடாது என்று பயனர் சொல்லியிருந்தும் நிஜத் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார்; சோதனைத் தரவுத்தளத்தையும் நிஜத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். வாயால் "தொடாதே" என்று சொல்வது பூட்டு ஆகாது. ஏஜென்ட்டுக்கு நிஜத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லே கிடைக்காதபடி வைப்பதுதான் பூட்டு. ஏஜென்ட் படிக்கும் ஒரு வலைப்பக்கத்திலோ கோப்பிலோ வேறு யாராவது கட்டளையை ஒளித்துவைத்து, அதையும் இது நிறைவேற்றிவிடும் ஆபத்தும் உண்டு. கடவுச்சொல் கையில் இல்லாத ஏஜென்ட்டால் அப்போதும் பெரிய கேடு செய்ய முடியாது.

பதிப்புரிமை பற்றியும் ஒரு வார்த்தை. திறந்தநிலை நிரலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக 2022 நவம்பரில் அமெரிக்காவில் கோபைலட் மீது வழக்குப் போட்டார்கள். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம், முறையாகக் கிடைத்த படைப்புகளைக் கணினி வழித் தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்த இடம் தருகிறது. பயிற்சி கொடுப்பதைப் பற்றியதுதான் அது. கருவி வேறொருவரின் நிரலை வரிக்கு வரி அப்படியே கக்கினால், அதை உங்கள் பொருளில் வைத்து விற்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

கற்பவர்களுக்கு

எனக்கு உள்ளபடியே கவலை தருவது இந்த இடம்தான். அனுபவமுள்ள பொறியாளர் கருவியின் தவற்றைப் பார்த்ததும் பிடிப்பது, அதே தவற்றை முன்னால் தானே செய்து, இரண்டு நாள் தேடி, கண்டுபிடித்த பழக்கத்தால். முதல் ஆண்டிலிருந்தே எல்லாவற்றையும் கருவியிடம் வாங்கும் மாணவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தேர்வும் ஒப்படைப்பும் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் வரும். வேலையில் சேர்ந்து, நள்ளிரவில் சர்வர் விழுந்து, கருவி சொன்ன மூன்று வழியும் பலிக்காதபோதுதான் கையில் ஒன்றுமில்லை என்று தெரியும்.

அதற்காகக் கருவியைத் தொடாதே என்று சொல்ல மாட்டேன். அது இனி நடக்காத காரியம். வரிசையை மட்டும் மாற்றச் சொல்வேன். முதலில் நீங்களே அரை மணி நேரம் முயன்று எழுதுங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் கருவியிடம் உங்கள் நிரலைக் காட்டி, "எங்கே தவறு? விடையை எழுதாதே, துப்பு மட்டும் கொடு" என்று கேளுங்கள். அது எழுதித் தந்ததில் ஒரு வரியாவது புரியவில்லை என்றால், அந்த வரி எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒப்படைக்காதீர்கள். சோதனைகளை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். என்னென்ன விதமாக இது உடையலாம் என்று யோசிப்பதில்தான் பாதிப் பொறியியல் இருக்கிறது. அப்படி யோசிக்கும்போதுதான் 'எம்' தொடரும், சாய்வுக்கோடும், டி'குரூஸும் நினைவுக்கு வருவார்கள்.

தொழிற்பயிற்சிக்குப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே மேற்பார்வையாளரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். எந்தக் கருவியை, எந்தக் கணக்கில் பயன்படுத்த நிறுவனம் அனுமதித்திருக்கிறது? எந்தத் தரவை, எந்தக் கோப்பை அதில் ஒட்டவே கூடாது? கருவி எழுதிய நிரலை யார் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார்? தயங்காமல் கேளுங்கள், இதைக் கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். பதில் வரும்வரை உங்கள் சொந்தக் கணக்கில் அலுவலக நிரலின் ஒரு வரியைக்கூட ஒட்ட வேண்டாம்.